சாப்பாடு இருக்கட்டும், வெளிச்சம் எங்கே?

ஆரணி
ஞாயிறு இரவு

அடியே குண்டூசி,

உன் கடிதம் வந்து ஐந்து வாரமாகிறது. பதில் போடாததற்குக் காரணம் சொன்னால் நம்பமாட்டாய், அதனால் சொல்லவில்லை. இங்கே எல்லோரும் நலம். முட்டிவலி அப்படியேதான். ஊறுகாய் தீர்ந்துவிட்டது, ஜாடி திரும்பி வராது.

வேலூர் சத்துவாச்சாரி வீட்டு மாடியில் சனி, ஞாயிறு பன்னிரண்டு பேரைக் கூட்டிவைத்து எம்பிராய்டரி போடப்போகிறாய். நல்ல காரியம். ஆனால் நாலு பக்கக் கடிதத்தில் மூன்று பக்கம் சாப்பாடு! சீரகச் சம்பா எத்தனை கிலோ, கத்திரிக்காய் இலவம்பாடி முள்ளுக் கத்திரிதானா, தயிர்ப் பச்சடிக்கு வெங்காயம் யார் நறுக்குவது... வெளிச்சத்தைப் பற்றி ஒரு வரி உண்டா? கையில் ஊசி பிடிக்கப்போகிறவர்களுக்கு அழைப்பு வைத்துவிட்டு, பந்திக்கு வருகிறவர்கள் மாதிரி கணக்குப் போட்டிருக்கிறாய்.

தேதியை ஆடியில் வை. முகூர்த்தம் இருக்காது, பெரிய பரீட்சை இருக்காது. ஆரி, அதான் கொக்கி ஊசி எம்பிராய்டரி, போட்டுப் பிழைக்கிற பெண்களுக்கும் ஆவணிக் கல்யாண ஜாக்கெட்டுகள் வந்து குவியுமுன் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும். கிருத்திகையை மட்டும் தவிர்த்துவிடு. அந்த வாரம் பராமரிப்புக்கென்று மின்தடை அறிவித்திருக்கிறார்களா என்று முந்தின நாள் பேப்பரில் பார்த்துக்கொள்.

இப்போது வெளிச்சம். உன் மாடி ஹாலில் நடு உத்தரத்தில் ஒரே ஒரு டியூப் லைட். அதற்குக் கீழே உட்கார்ந்து குனிந்தால் தலையின் நிழல் நேராகத் துணி மாட்டிய வளையத்தின் மேல் விழும். வடக்கு ஜன்னலை ஒட்டி மேஜைகளைப் போடு. அந்தப் பக்கம் நல்ல வெளிச்சம் வரும்; ஆடியில் வெயில் சாய்வாக உள்ளே விழுந்தால் ஒரு வெள்ளைத் திரை போட்டுவிடு. வலது கைக்காரர்களுக்கு அது இடது தோள் பக்கத்திலிருந்து வரவேண்டும், இடது கைக்காரர்களுக்கு மாற்றி. இல்லாவிட்டால் ஊசி பிடித்த கையே துணியை மறைக்கும். மூன்று மணிக்கு மேல் ஜன்னலை நம்பாதே. இரண்டு பேருக்கு ஒன்று என்று ஆறு கிளிப் விளக்கு வேண்டும். 9 வாட் எல்.இ.டி., வெள்ளை வெளிச்சம், பெட்டியில் 6500K என்று போட்டிருக்கும். மஞ்சள் பல்பு வாங்கிவிடாதே, அதன் கீழே கறுப்பும் கருநீலமும் ஒன்றுபோலத் தெரியும். சந்தனக் கலர் எது, வெள்ளை எது என்று ஒரு பட்டிமன்றமே நடக்கும். நூல் கலர் தேர்ந்தெடுப்பதைப் பகலிலேயே முடித்துவிடு. ஆறு பல்பும் சேர்ந்து 54 வாட்தான், உன் பழைய இன்வெர்ட்டரே தாங்கும். இஸ்திரிப் பெட்டியை மட்டும் அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகிவிடாதே, அது ஒன்றே 1000 வாட் இழுக்கும்.

அடுத்த தலைவலி ஃபேன். போட்டால் சமிக்கி பறக்கும், நூல் பின்னிக்கொள்ளும். நிறுத்தினால் வேலூர் புழுக்கத்தில் உள்ளங்கை வேர்த்து ஊசி வழுக்கும், துணியில் அழுக்குப் படியும். சீலிங் ஃபேனை இரண்டில் வைத்துவிட்டு, மணி, சமிக்கியை எல்லாம் விளிம்பு உள்ள எவர்சில்வர் தட்டில் வெல்வெட் துண்டு விரித்துக் கொட்டி வை. வெல்வெட்டில் மணி உருளாது, ஊசி முனையால் நேராகக் கோத்து எடுக்கலாம். ஒரு டப்பா பவுடரும் நடுவில் இருக்கட்டும்.

இரண்டு நாளில் எட்டுத் தையல் சொல்லித்தரப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம்டீ. இரண்டு போதும்: மேஜையில் குறுக்குத் தையல், அதான் கிராஸ் ஸ்டிட்ச், ஸ்டாண்டில் ஆரி சங்கிலித் தையல். மேஜைக்கு நாலு பேராக இரண்டு மேஜை, ஆரி ஸ்டாண்டில் பக்கத்துக்கு இரண்டு பேர். பன்னிரண்டு ஆயிற்றா? பதிமூன்றாவது ஆளாக நீ. சுற்றிவந்து பார்க்கவேண்டியவள் நீ. அடுப்படியில் நிற்கக்கூடாது.

குறுக்குத் தையலுக்கு 14 கவுண்ட் ஐடா துணி வாங்கு. ஒரு அங்குலத்துக்கு 14 கட்டம். 70 கட்டம் அகலமுள்ள டிசைன் 5 அங்குலம் வரும். துணியைப் பத்துக்குப் பத்தாக வெட்டினால் சுற்றிலும் இரண்டரை அங்குலம் மிச்சம், வளையம் பிடிக்க அது வேண்டும். வெட்டின ஓரத்தை அன்றைக்கே மெஷினில் ஒரு ஓட்டு ஓட்டிவிடு, இல்லாவிட்டால் ஞாயிறு மதியத்துக்குள் ஓரம் பிரிந்து நூலாகத் தொங்கும். ஊசி 24ஆம் நம்பர், மொண்ணை முனை. கூர் ஊசி கொடுத்தால் துணியின் இழையையே குத்திப் பிளக்கும், கட்டம் கோணும்.

நூல் கணக்கை நீ ஆளுக்கு ஒரு கட்டு என்று போட்டிருக்கிறாய். வீண் செலவு. ஆங்கரோ டி.எம்.சி.யோ, எந்தக் கம்பெனி நூலானாலும் ஒரு கட்டு 8 மீட்டர், ஆறு இழை. 45 சென்டிமீட்டராக வெட்டினால் 17 துண்டு. ஒவ்வொன்றையும் இரண்டிரண்டு இழையாகப் பிரித்தால் 51 முறை ஊசி கோக்கலாம். ஒரு கலருக்கு ஒரு கட்டு மூன்று பேருக்குத் தாராளம். 45க்கு மேல் நீளம் விடாதே. துணியில் போய்வந்து போய்வந்து நூல் பஞ்சாகிவிடும், முடிச்சும் விழும். பிரிக்கும்போது நுனியைப் பிடித்து ஒவ்வொரு இழையாக உருவச் சொல். இரண்டை ஒன்றாக இழுத்தால் மிச்சம் நாலும் சிண்டு பிடித்துக்கொள்ளும், நம்ம ஹாஸ்டல் குழாயடி மாதிரி. சிவப்பு நூலை மட்டும் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார், சாயம் இறங்குகிறதா என்று.

ஆரிக்கு டிசைன், வேலூர்க் கோட்டைக் கோயில் கல்யாண மண்டப விதானத்தில் வட்டமாகத் தொங்கும் கிளிகள். நம்ம ஊரில் அதைவிட நல்ல வட்டக் கோலம் எங்கே கிடைக்கும்? ஆளுக்கு ஒரு கிளி போதும். வெள்ளிக்கிழமையே துணியில் இறக்கிவிடு. ட்ரேஸ் பேப்பரில் ஊசியால் நெருக்கமாகக் குத்தி, கறுத்த துணிக்கு ஜிங்க் பவுடர், வெளுத்த துணிக்கு நீலப்பொடி, இரண்டு சொட்டு மண்ணெண்ணெயில் குழைத்துப் பஞ்சால் ஒற்று. எண்ணெய் கூடினால் கோடு பரவி கிளி கோழியாகிவிடும். அடுப்புப் பக்கம் இதைச் செய்யாதே. சூடு பட்டால் மறையும் பேனா வேண்டாம், குளிர் பட்டால் கோடு திரும்பத் தெரியும். தண்ணீரில் போகும் நீலப் பேனா பரவாயில்லை, ஆனால் அலசாமல் இஸ்திரி போட்டால் கோடு அப்படியே தங்கிவிடும்.

ஸ்டாண்டில் துணியை இழுத்துக் கட்டியபின் விரலால் தட்டிப் பார். தம்பட்டம் மாதிரி ஒலிக்கவேண்டும். தொய்வாக இருந்தால் ஊசியின் கொக்கி மேலே வரும்போது துணியையும் கூடவே கொத்திக்கொண்டு வரும். புதிதாகக் கற்கிறவர்கள் "என் கை சரியில்லை" என்பார்கள். கை அல்ல, கட்டினதுதான் சரியில்லை. இன்னொன்று, கைப்பிடியில் ஊசியை மாட்டும்போது கொக்கியின் வாயும் திருகாணியும் ஒரே பக்கம் பார்க்கட்டும். ஊசி துணிக்குள் இறங்கினபின் கொக்கி கண்ணுக்குத் தெரியாது, திருகாணிதான் அடையாளம்.

சனி மாலை ஐந்துக்கு எல்லா வளையத்தையும் கழற்றிவிடு. ஓரிரவு இருந்தாலும் வியர்வையோடு வட்டத் தடம் விழுந்துவிடும், பட்டில் அது லேசில் போகாது. உள்வளையத்தில் மல் துணி நாடாவைச் சுற்றி வைத்தால் பிடிப்பும் நன்றாக இருக்கும், தடமும் குறையும்.

சரி, உன் சாப்பாட்டுக்கும் வருகிறேன். சனிக்கிழமை எலுமிச்சை சாதம் வேண்டவே வேண்டாம். மஞ்சள் கை ஐடாவில் பட்டு, பதறிப்போய் யாராவது சோப்பு போட்டால் கறை சிவந்துவிடும். பச்சைத் தண்ணீரில் அலசி வெயிலில் காயவைத்தால்தான் வெளுக்கும். இடைவேளைக்கு பஜ்ஜி, முறுக்கு கிடையாது. கொய்யா, வெள்ளரிக்காய், பொரி. டீ கீழே போய்க் குடிக்கட்டும், முதுகும் நிமிரும். பிரியாணி ஞாயிறு மதியம், எல்லாம் மூட்டை கட்டியபிறகு, ஊசிகளை எண்ணியபிறகு.

ஆமாம், ஊசி. இதில் விளையாட்டு வேண்டாம். ஆளுக்கு மூன்று, ஒரு கம்பளித் துண்டில் குத்தி, பெயர் எழுதிக் கொடு. காலை, மதியம், மாலை எண்ணு. ஜமக்காளம் விரிக்காதே, ஊசி விழுந்தால் அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும். தரை வெறுமையாக இருக்கட்டும், பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுத்துப் பார். ஒடிந்த முனைக்கு மூடியுள்ள மருந்து பாட்டில். உன் பேத்தி தவழ்கிறாள், கையில் கிடைத்ததெல்லாம் வாய்க்குத்தான் போகும்.

கடைசியாக, பெரியக்கா. வருகிறேன் என்று சொல்லிவிட்டார்களாம், கேட்டதும் எனக்குக் கை ஓடவில்லை. போன மாதம் இங்கே வந்திருந்தபோது ஊசியில் நூல் கோக்க மூன்று தரம் முயன்றுவிட்டு, "நூல் மட்டம்டீ" என்றார்கள். நூல் நல்ல நூல்தான். கண் மங்குகிறது, சொல்ல மாட்டார்கள். ஜன்னலோரம் உட்காருங்கள் என்றால் "எனக்கென்ன வயசாயிடுச்சா" என்று எழுந்துபோய் இருட்டு மூலையில் உட்காருவார்கள். அதனால் நாற்காலிகளில் பெயர்ச் சீட்டு ஒட்டிவிடு, எல்லோருக்கும். அவர்களுக்கு மட்டும் 11 கவுண்ட் துணி, மூன்று இழை. கறுத்த துணிதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் மடியில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்துவிடு, ஓட்டைகள் பளிச்சென்று தெரியும். பத்து ஊசியில் நூல் கோத்துத் தயாராகக் குத்தி வை. யாருக்கென்று சொல்லாதே, நடுமேஜையில் வை, அவர்களே எடுத்துக்கொள்வார்கள். நமக்கு முதல் முடிச்சு போடச் சொல்லிக்கொடுத்த கை அது.

கிளிப் விளக்கு நாலு என்னிடம் இருக்கிறது, வெள்ளிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் கொண்டுவருகிறேன். மிச்சம் இரண்டை நீ லாங் பஜாரில் வாங்கிவிடு. சென்னைக்காரிகளுக்குக் காட்பாடியில் இறங்கச் சொல். தேதியை மட்டும் சீக்கிரம் எழுது. அந்த ஆறாவது கிளிக்குக் கண் எந்தப் பக்கம் என்று கோயிலுக்குப் போய்ப் பார்த்து அதையும் எழுது, நான் வரைந்ததில் அது உன்னை மாதிரியே முறைக்கிறது.

உன்
நூல்கண்டு