கட்டலான் மொழி யாருக்கு உரியது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்பெயினின் வடகிழக்கிலுள்ள தன்னாட்சிப் பகுதியான கட்டலோனியாவைப் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வெளியான கட்டுரை, அங்கு கட்டலான் மொழி மீண்டெழுந்ததற்கு பள்ளியிலும் அரசு அலுவலகத்திலும் அதற்கு இடமளித்த 1983ஆம் ஆண்டின் மொழிச் சட்டமே காரணம் என்று முடித்திருந்தது. சட்டத்தின் பங்கை மறுப்பதற்கில்லை. ஆனால் கட்டலோனியத் தலைநகர் பார்சலோனாவில் பல ஆண்டுகள் களஆய்வு செய்த அமெரிக்க மொழியியல் மானிடவியலாளர் கேத்ரின் வுலார்டின் ஆய்வுகள் இவ்வளவு நேரான கதையைச் சொல்லவில்லை.

ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி (1939–75) கட்டலானைப் பள்ளியிலிருந்தும் அரசு அலுவலகத்திலிருந்தும் விலக்கி வைத்திருந்த காலத்திலும், உள்ளூர் நடுத்தர வர்க்கத்தின் மொழி என்ற மதிப்பு அதற்கு இருந்தது. ஸ்பெயினின் தெற்கிலுள்ள ஆந்தலூசியா, மூர்சியா போன்ற பகுதிகளிலிருந்து ஆலை வேலைக்கும் கட்டட வேலைக்கும் வந்த எளியவர்களோ ஆட்சிமொழியான ஸ்பானிஷைப் பேசினார்கள். இந்த முரணைக் கட்டுரை தொடவே இல்லை.

1980இல் வுலார்ட் ஒரு சோதனை நடத்தினார். ஒருவரே இரு மொழிகளிலும் பேசிய ஒலிப்பதிவுகளை, ஒரே ஆள் என்று சொல்லாமல், மாணவர்களைக் கேட்கச் செய்து பேசியவரை மதிப்பிடச் சொன்னார். கட்டலானில் பேசியபோது அந்த ஆளுக்கு மதிப்பு கூடியது. நெருக்கம் என்று வந்தபோது நிலைமை வேறு: கட்டலான் வீட்டுப் பிள்ளைகள், பிறப்பால் தம்மவராக ஒலித்தவர் கட்டலான் பேசினால்தான் நெருங்கினார்கள், ஸ்பானிஷ் வீட்டவர் முயன்று பேசினால் பொருட்படுத்தவில்லை, ஸ்பானிஷ் பேசும் அவருடைய சொந்தக் கூட்டமோ அவருக்கு மதிப்பெண்ணைக் குறைத்தது. கற்றவனுக்கு இரு பக்கமும் இழப்பு என்றால் யார் கற்பார்கள்? 1987இல் மீண்டும் சோதித்தபோது இந்த இறுக்கம் தளர்ந்திருந்தது.

இடைப்பட்ட ஆண்டுகளில் பள்ளிகள் மாறியிருந்தன. அம்மாற்றத்தை அரசு மட்டுமே கொண்டுவரவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சாந்தா கொலோமா தெ கிராமெனெத் என்னும் தொழிலாளர் நகரில், ஸ்பானிஷ் பேசும் பெற்றோரே தம் பிள்ளைகளுக்குக் கட்டலான்வழிக் கல்வி வேண்டும் என்று கேட்டுப் பெற்றார்கள். 2006இல் ஆந்தலூசியாவில் பிறந்த ஹோசே மொந்தில்யா கட்டலோனியத் தன்னாட்சி அரசின் தலைவரானார். அவருடைய கட்டலான் உச்சரிப்பையும் இலக்கணப் பிழைகளையும் கேலி செய்தவர்கள் இருந்தார்கள்; ஆயினும் பிழையோடு பேசும் ஒருவர் அப்பதவியில் அமர முடிந்தது என்பதே, மொழி பிறப்புரிமை என்ற நிலையிலிருந்து பொதுச்சொத்து என்ற நிலைக்கு நகர்ந்து வந்ததைக் காட்டியது.

ஆனால் கட்டலோனியாவில் கட்டலானை வழக்கமாகப் பேசுவோர் 2003இல் சுமார் 46 விழுக்காடு. 2023இல் 33 விழுக்காட்டுக்கும் குறைவு. வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறியோர் பெருகியது இதற்கு ஒரு முக்கியக் காரணம். தொடர்கட்டுரை வருமானால், சட்டப் பிரிவுகளோடு, புதிதாக வந்தவர் கட்டலானில் பேசத் தொடங்கும்போது எதிரில் இருப்பவர் எந்த மொழியில் பதில் சொல்கிறார் என்பதையும் விசாரித்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சிராப்பள்ளி