வராதவர் எல்லாரும் பகிஷ்கரித்தவரா?

ஆசிரியருக்கு,

போன வாரம் உங்கள் பத்திரிகையின் ஒரே பக்கத்தில் மூன்று பகிஷ்கரிப்புகள். சம்பளப் பிரச்சினைக்காக வேலைக்குப் போகாதவர்களின் பணிப்பகிஷ்கரிப்பு, அது சரி. வாக்கெடுப்பின்போது சபைக்குள்ளேயே இருந்துகொண்டு கை உயர்த்தாதவர்களும் பகிஷ்கரித்தார்களாம். காய்ச்சலென்று கூட்டத்துக்கு வராத உறுப்பினரும் பகிஷ்கரித்தாராம்!

ஆங்கிலத்தில் இதற்குப் 'பொய்கொட்' என்கிறார்கள். அது ஒரு மனுசனின் பெயர். அயர்லாந்தின் மேயோ பகுதியில் ஏர்ன் பிரபுவின் காணிகளைப் பார்த்துக்கொண்டிருந்த சார்ள்ஸ் பொய்கொட், 1880இல் விளைச்சல் கெட்டு வாடகையைக் குறைக்கச் சொன்ன குடியானவர்களைக் காணியிலிருந்து கிளப்பப் பார்த்தார். அந்தச் செப்டெம்பரில்தான் பார்னெல் என்ற தலைவர், பிறரைக் கிளப்பிய காணியை எடுப்பவனை அடிக்க வேண்டாம், ஊரே அவனை ஒதுக்கட்டும் என்று பேசியிருந்தார். ஊர் அதைப் பொய்கொட் மீதே காட்டியது. வேலையாட்கள் போனார்கள், உடுப்புத் தோய்க்கிறவர் வரவில்லை, கடைக்காரர் சாமான் கொடுக்கவில்லை. (எங்கள் ஊர்களிலும் ஒரு குடும்பத்தைத் தள்ளி வைத்தால் இதேதான், ஆனால் இங்கே பெரும்பாலும் வலியவர்தான் எளியவரைத் தள்ளி வைத்தார்கள்.) கடைசியில் வெளியிலிருந்து 50 பேரை இராணுவக் காவலோடு கொண்டுவந்து, 500 பவுண் பெறுமதியான விளைச்சலை எடுக்க 10,000 பவுண் வரை செலவானதாகச் சொல்வார்கள். டிசம்பரில் அவர் நாட்டை விட்டே போய்விட்டார். குடியானவர்களுக்கு விளங்கும்படி அவர் பெயரையே வினைச்சொல்லாக்கியவர் ஓமாலி என்ற பாதிரியார்.

ஆக, பலர் சேர்ந்து, காரணத்தைச் சொல்லி, ஒருவருக்கு உறைக்கும்படி விலகி நிற்பதுதான் அது. 1931இல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சொன்னதைக் கேட்டு யாழ்ப்பாணப் பகுதியில் யாருமே அரசாங்க சபைத் (அந்தக் காலத்துச் சட்டசபை) தேர்தலுக்கு நிற்காமல் நான்கு ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்ததே, அது அசல் பகிஷ்கரிப்பு, அதனால் தமிழருக்கு என்ன கிடைத்தது என்பது வேறு கதை. 1996 உலகக் கிண்ணக் கிரிக்கெட்டுக்கு அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்புக்கு வரவில்லை. எங்களுக்குக் கோபம்தான், எல்லாரும் அதைப் பகிஷ்கரிப்பு என்றுதான் திட்டினோம். ஆனால் வரமாட்டோம் என்று அவர்கள் சொன்னபோது கொழும்பில் மத்திய வங்கிக் குண்டு வெடித்து இரண்டு கிழமைகூட ஆகியிருக்கவில்லை, அவர்கள் பயத்தில் நின்றார்கள். கிரிக்கெட் என்றதும் ஜெப்ரி பொய்கொட் ஞாபகம் வருகிறார், அவரும் 1974 முதல் மூன்று வருசம் இங்கிலாந்துக்கு டெஸ்ட் ஆடாமல் தானாகவே ஒதுங்கி இருந்தவர்தான், பெயர்ப் பொருத்தம் பாருங்கள். ஆனாலும் தனியாள் ஒதுங்கினால் அது கோபம், அவ்வளவுதான்.

வராதவருக்குச் 'சமுகமளிக்கவில்லை' என்றும், கை உயர்த்தாதவருக்கு 'வாக்களிப்பைத் தவிர்த்தார்' என்றும் நீங்களே முன்பெல்லாம் எழுதினீர்கள், அதையே எழுதுங்கள். அப்புறம், அந்த உறுப்பினருக்கு இப்போது காய்ச்சல் விட்டதா என்றும் ஒரு வரி போட்டிருக்கலாம்.

வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06