வலமும் புரியாத, இடமும் புரியாத சங்கு

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்தது. முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வீட்டுக்குள் நடக்கிறாய் என்று படித்த பிறகுதான் நிம்மதி. மாடிப்படி மட்டும் இப்போதைக்கு வேண்டாம்.

நான் டல்லாஸில் மகன் வீட்டில் இருக்கிறேன். போன வாரம் ஜாக்ஸ்பரோ பக்கம் கூட்டிப்போனான். மழையில் கரைந்த சாம்பல் நிறக் களிப்பாறை. ஏறக்குறைய 30 கோடி ஆண்டுக்கு முன் அது கடல். அங்கே எனக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? பெல்லெரோபான்! நாம் படத்தில் மட்டுமே பார்த்தோமே, கல்லாகிப்போன பழங்காலக் கடல் உயிரின் ஓடு, அதேதான்.

கொட்டைப்பாக்கு அளவு. பழைய பல் பிரஷால் தேய்த்துக் கழுவினேன். சங்கென்றால் வலம்புரி, இடம்புரி என்போம்; இது எந்தப் பக்கமும் புரியவில்லை. பாயைச் சுருட்டின மாதிரி ஒரே தளத்தில் சுற்றி, இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றுபோல இருக்கிறது. முதுகின் நடுவே மெல்லிய வரப்பு ஒன்று, நகத்தால் தடவினால் தட்டுப்படுகிறது. வாய் விளிம்பில் கழிவு நீர் வெளியேற ஒரு பிளவு இருந்தது. ஓடு வளர வளர அது பின்னாலிருந்து அடைபட்டுக்கொண்டே வந்த தழும்புதான் அந்த வரப்பு.

இது நத்தையா இல்லையா என்று ஆய்வாளர்களுக்குள் நடக்கும் சண்டையே அந்தப் பிளவில்தான். நத்தைகளுக்குக் குஞ்சுப் பருவத்திலேயே உடல் 180 பாகை திருகி, மலத்துளை தலைக்கு மேலே வந்துவிடும். பெல்லெரோபானும் அப்படித் திருகியிருந்தால் பிளவு வாசல் பக்கம். திருகவில்லையென்றால் கொல்லைப் பக்கம். வெறும் ஓட்டை வைத்துக்கொண்டு தலை எந்தப் பக்கம் என்று எப்படிச் சொல்வது? 1808இல் மான்ஃபோர் பெயர் வைத்த உயிர் இது. 1940இல் வென்ட்ஸ் என்ற ஆய்வாளர், இது திருகாத உயிர், அதாவது நத்தை இல்லை என்றார். 1947இல் நைட் என்ற ஆய்வாளர், ஓட்டுக்குள் தசை ஒட்டியிருந்த தழும்பு ஒரு ஜோடி இருப்பதை விவரித்தார். அவர் நத்தைக் கட்சி.

நானும் அந்தக் கட்சிதான். 1952இல் ஆழ்கடலிலிருந்து உயிரோடு கிடைத்த நியோபிலினா என்ற ஓட்டுயிர் திருகாதது; அதற்குத் தசை எட்டு ஜோடி, இதற்கோ ஒரு ஜோடிதான். அப்புறம், இதே மாதிரிப் பிளவும் அது அடைபட்ட தழும்பும் ஆழ்கடலில் இன்றும் வாழும் பிளவு நத்தைகளுக்கு இருக்கின்றன. ஆனால் இந்த வடிவத்தில் உள்ள எல்லாமே ஒரே வம்சம் என்று நான் நினைக்கவில்லை. பிளவே இல்லாத பழைய இனங்கள் வேறு வழி வந்திருக்கலாம்.

உயிரினங்களில் பெரும்பாலானவை அழிந்த பெர்மியன் காலப் பேரழிவையே தாண்டி வந்த இந்தப் பெல்லெரோபான் கூட்டம், அடுத்து வந்த டிரையாசிக் காலத்தின் தொடக்கத்தில் மறைந்துபோனது. அதை நினைத்தால் மனசு கேட்கவில்லை.

இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன். வரப்பு நன்றாகத் தெரிகிற ஒன்று உனக்கு. டிசம்பரில் கொண்டு வருகிறேன். உன் லென்ஸைத் தேடி எடுத்து வை.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்