இரண்டு நீலத்தின் கதையை எழுத உதவியவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

பிஷப் ஆக்லண்ட் கால்பந்து கிளப்பின் வரலாற்றைத் தமிழில் எழுதி முடித்துவிட்டேன். மூன்று வருட வேலை. என் பெயரைப் போட்டு வந்தாலும் பாதிக்கு மேல் மற்றவர்கள் கொடுத்தது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

வடகிழக்கு இங்கிலாந்தில், ஒருகாலத்தில் நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்திருந்த சிறு ஊர் பிஷப் ஆக்லண்ட். வேலைக்காக இங்கே வந்த முதல் குளிர்காலத்தில், ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஹெரிடேஜ் பார்க் மைதானத்துக்குள் நுழைந்தேன். கையுறைகூட இல்லை. தேநீர் விற்ற அம்மா கோப்பையை என் கையில் திணித்து, "முதலில் இதைப் பிடி, காசு அப்புறம்" என்றார். கிளப்பின் சட்டையில் ஏன் இரண்டு நீலம் என்று கேட்டேன். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜிலிருந்து பிஷப்பின் மாளிகைக்கு இறையியல் படிக்க வந்த மாணவர்கள் விட்டுப்போன நிறங்கள் என்றார். என் முதல் அத்தியாயம் அந்தக் கவுன்ட்டரில் தொடங்கியது. அம்மா, உங்களுக்கு என் முதல் நன்றி.

அடுத்து, பிஸ்கட் டப்பாவை நம்பிக் கொடுத்த பெரியவர். உள்ளே, துணியில் சுற்றிய 1954 ஆட்டப் புத்தகம், லண்டன் வெம்பிளி மைதானத்தில் ஆட்டத்தன்று விற்றது. மடிப்பு கிழிந்து, ஓரத்தில் பென்சிலால் 2–2 என்று எழுதியிருந்தது. அமெச்சூர் கோப்பை இறுதி ஆட்டம். எதிரணி, பக்கத்து ஊரான குரூக் டவுன். சம்பளம் வாங்காத ஆட்டக்காரர்களைப் பார்க்க 1,00,000 பேர்! நியூகாசிலில் மறு ஆட்டம், மறுபடி 2–2. மிடில்ஸ்பரோவில் மூன்றாவது ஆட்டத்தில் குரூக் 1–0 என வென்றது. அந்த ஒரு கோல் பற்றிப் பேசும்போது பெரியவரின் குரல் இன்றும் தாழ்ந்துவிடுகிறது. அடுத்த மூன்று வருடமும், 1955, 1956, 1957, கோப்பை இங்கேதான் வந்தது. மொத்தம் பத்து முறை. 1974இல் அந்தப் போட்டியே நின்றுபோகும்வரை வேறெந்த அணியும் அந்த எண்ணிக்கையைத் தொடவில்லை.

என் பெரிய பிழையைத் திருத்தியவரும் அவரே. 1958 பிப்ரவரியில் மியூனிக் விமான விபத்தில் மான்செஸ்டர் யுனைடெட் எட்டு ஆட்டக்காரர்களை இழந்தது. மீதமிருந்த இளைஞர்கள் முதல் அணிக்கு ஏற, ரிசர்வ் எனும் இரண்டாம் அணி காலியானது. அப்போது பாப் ஹார்டிஸ்டி, டெரெக் லெவின், வாரன் பிராட்லி மூவரும் இங்கிருந்து யுனைடெட்டுக்குப் போனார்கள். மூவருமே முதல் அணிக்கு ஆடியதாக எழுதிவிட்டேன். பெரியவர் விரலை வைத்து நிறுத்தினார். ஹார்டிஸ்டிக்கு அப்போது 37 வயது. 1948 ஒலிம்பிக்கில், யுனைடெட்டின் மேலாளரான மேட் பஸ்பியின் கீழ் ஆடியவர். அவரும் லெவினும் ரிசர்வில் இடத்தை நிரப்பி நின்றார்கள். பள்ளி ஆசிரியரான பிராட்லிதான் முதல் அணிக்குப் போய், 1959இல் இங்கிலாந்துக்கு மூன்று ஆட்டம் ஆடினார். பெயர் வராத இடத்தில் போய் நின்ற அந்த இருவர்மேல்தான் எனக்கு மரியாதை அதிகம். பின்னால் இந்தக் கிளப் பணமுடையில் தவித்தபோது, 1996இல், யுனைடெட் இங்கே வந்து ஆடி நிதி திரட்டிக் கொடுத்தது. பழைய கடனை மறக்காதவர்கள்.

நூலகத்தில் மைக்ரோஃபிலிம் சுருள்களைச் சலிக்காமல் மாட்டிக் கொடுத்த பெண்ணுக்கும், "மறு ஆட்டம்" என்ற சொல்லுக்காக என்னோடு ஒரு மணி நேரம் வாதாடி மெய்ப்புத் திருத்திய நண்பனுக்கும் நன்றி. சனிக்கிழமைகளை எனக்கு விட்டுக்கொடுத்த மனைவிக்கு என்ன சொல்வது? புத்தகத்தின் முதல் பிரதி உனக்குத்தான்.

கிளப்பின் தன்னார்வலர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஒரு பக்கம் கிரிக்கெட் திடலோடு ஒட்டிக்கிடந்த பழைய கிங்ஸ்வே மைதானத்தை 2001இல் விட்டபின், 2010 வரை சொந்த இடம் கிடையாது. அக்கம்பக்கத்து ஊர்களின் மைதானங்களில் இரவல் வாங்கி "உள்ளூர்" ஆட்டம் ஆடிய வருடங்கள் அவை. அப்போதும் கொடிக்கம்பையும் வலையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் நீங்கள். சொந்த இடமில்லாத அந்த ஒன்பது வருடத்துக்குத்தான் புத்தகத்தில் அதிகப் பக்கம் கொடுத்திருக்கிறேன்.

பெரியவரே, அடுத்த சனிக்கிழமை டப்பாவைக் கொண்டுவருகிறேன். 1954 ஆட்டப் புத்தகம் அதே துணியில், நீங்கள் சுற்றியபடியே இருக்கிறது.