இடி தூரத்தில்தான் என்று சொன்னாயே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. தண்டையார்பேட்டையில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. நேற்று ஒடிசா சைட்டிலிருந்து போனில், "இடி தூரத்தில்தான்பா கேட்டது, அதனால் கான்கிரீட் போடுவதை நிறுத்தவில்லை" என்றாய். அப்போதே ஏதாவது சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

மின்னல், வெளிச்சம், இடி எல்லாம் ஒரே சம்பவம் பாப்பா. மேகத்திலிருந்து கரண்ட் பாய்கிறது, அவ்வளவுதான். அந்தக் கரண்ட் காற்றைச் சுட்டதால் வந்தவைதான் ஒளியும் சத்தமும். பேனல் போர்டில் ஷார்ட் ஆனால் பளீர், டமால் இரண்டும் சேர்ந்தே வரும். வயரிங் வேலையில் எத்தனை தரம் பார்த்திருக்கிறேன். வானத்திலும் அதேதான் நடக்கிறது.

இடிமேகம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரம்கூட வளரும். நம் சென்னை வெயிலிலும் மேகத்தின் மேல்பாதியில் உறைபனிக் குளிர்தான். அங்கே பனித்துகள்களும் குட்டி ஆலங்கட்டி மாதிரியான மணிகளும் ஓயாமல் மோதிக்கொள்கின்றன. மோதலில் லேசான துகள் பாசிடிவோடு மேலே போய்விடும். கனமானது நெகடிவோடு கீழே தங்கிவிடும். மேகத்தின் அடியில் நெகடிவ் குவியக் குவிய, அதற்கு நேர் கீழே தரையில் பாசிடிவ் திரளும். இடையில் இருக்கும் காற்று எவ்வளவு நேரம்தான் தாங்கும்? மேகத்திலிருந்து கரண்டுக்கான ஒரு தடம், ஒரு தாவலுக்குச் சுமார் 50 மீட்டராக, விட்டுவிட்டு இறங்கி வருகிறது. தரையை நெருங்கியதும், உயர்ந்து நிற்கிற மரம், கிரேன், ஆள் எதிலிருந்தாவது இன்னொரு தடம் மேலே கிளம்பும். இரண்டும் தொட்ட கணத்தில் சர்க்யூட் முழுமையாகிவிடும். 30,000 ஆம்பியர் அளவுக்குக் கரண்ட் பாயும். கரண்ட் மிஞ்சினால் தானே அணைகிற நம் வீட்டு மெயின் சுவிட்ச், அந்த எம்சிபி, வெறும் 32 ஆம்பியர். பெரும்பாலும் அதே தடத்தில் மூன்று நான்கு தரம் பாய்வதால்தான் மின்னல் துடிக்கிற மாதிரி தெரிகிறது.

அந்தத் தடத்தில் உள்ள காற்று கிட்டத்தட்ட 30,000 டிகிரி செல்சியஸுக்குப் போகிறது. சூரியனின் மேற்பரப்பைவிட ஐந்து மடங்கு சூடு. அவ்வளவு சூட்டில் காற்று வெடித்து விரிகிற அதிர்வுதான் இடி. தடம் சில கிலோமீட்டர் நீளம் என்பதால், கிட்டே இருக்கிற பகுதியின் சத்தம் முதலிலும் மேலே இருப்பதன் சத்தம் பிறகும் வந்து சேர்ந்து உருளுகிறது. பக்கத்திலேயே விழுந்தால் உருளல் குறைவு, படீரென்று ஒரே வெடிப்பு.

இப்போது நீ சொன்ன தூரத்துக்கு வருகிறேன். ஒளி உடனே வந்துவிடும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் நகரும். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள். 30 நொடி கழித்துக் கேட்டால் 10 கிலோமீட்டர், நம் வீட்டிலிருந்து எண்ணூர் வரை இருக்கும். கேட்கப் பெரிய தூரம்தான். ஆனால் மழை பெய்கிற இடத்திலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளியும் மின்னல் விழும்! காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகிற சித்தப்பா, கிழக்கே சத்தமே இல்லாமல் வானம் மினுங்குவதைப் பற்றிச் சொல்வார். அதுவும் சாதாரண மின்னல்தான், இடி வந்து சேராத தொலைவு. பொதுவாக 15, 20 கிலோமீட்டருக்கு மேல் இடி கேட்காது. உன் காதில் விழுந்துவிட்டது என்றால் நீ அதன் கைக்கு எட்டும் தூரத்தில் நிற்கிறாய்.

1752இல் ஃபிரான்ஸில், அமெரிக்க விஞ்ஞானி பெஞ்சமின் ஃபிராங்க்ளின் சொன்ன யோசனைப்படி இரும்புக் கம்பியை நட்டு, இடிமேகத்திலிருந்து பொறி எடுத்துக் காட்டினார்கள். மறு வருஷமே செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ரிக்மான் என்ற விஞ்ஞானி அதே மாதிரி சோதனையில் இறந்துபோனார். வீட்டுக்குள் இருந்தும் இறந்தார். அவர் கம்பியைத் தரையோடு சேர்க்கவில்லை, எர்த் இல்லை. எர்த் விஷயத்தில் நான் ஏன் இவ்வளவு கறாராக இருப்பேன் என்று இப்போது உனக்குப் புரியும்.

உங்கள் ஒடிசாவில் 2015லேயே மின்னலை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறார்கள். அங்கே இது விளையாட்டு இல்லை கண்ணு. இடி கேட்டதும் எல்லோரையும் இறக்கு. முதலில் சாரத்தில் கம்பி கட்டுகிறவர்கள், கிரேன்காரர். மரத்தடியில் ஒதுங்க விடாதே. மரத்திலிருந்து ஆளுக்குத் தாவும், தரை வழியாகவும் பரவும். தூண் நான்கும் தகரமுமாக நிற்கிற திறந்த ஷெட்டை நம்பாதே. கான்கிரீட் கட்டிடம், இல்லாவிட்டால் கண்ணாடி ஏற்றிய கார். காரின் இரும்புக்கூடு கரண்டை வெளிப்பக்கமாகவே தரைக்கு அனுப்பிவிடும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் பொறுத்து வேலையை ஆரம்பி. போனில் 'தாமினி' ஆப் போட்டுக்கொள், புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் கொடுத்தது. யாருக்காவது அடி பட்டுவிட்டால் தொடத் தயங்காதே. உடம்பில் கரண்ட் தங்காது. மூச்சோ நாடியோ இல்லையென்றால் உடனே நெஞ்சை அழுத்த ஆரம்பிக்க வேண்டும்.

அப்புறம், கிரேனின் எர்த் பட்டை எங்கே தரைக்குள் இறங்குகிறது என்று பார்த்து, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. ஜாயின்ட் துரு பிடித்திருந்தால் அதையும் கிட்டத்தில் எடு. நான் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா