அணை செய்தி சரி, அங்க வாழுற ஜனங்க எங்க?

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

எத்தியோப்பியா நீல நைல்ல கட்டின பெரிய அணைய 2025 செப்டம்பர்ல திறந்தப்ப நம்ம பேப்பர்ல வந்ததெல்லாம் விடாம படிச்சேன். எகிப்து என்ன சொல்லுது, எத்தனை மெகாவாட் வரும், எல்லாம் இருந்துச்சு, ஆனா அணை இருக்குற மெடெக்கல் பகுதியில காலங்காலமா யாரு குடியிருக்காங்கன்னு ஒரு வரி கூட கண்ணுல படல.

அங்க குமுஸ் ஜனங்களோட ஷினாஷானு ஒரு ஜனமும் இருக்கு. அவங்க தங்கள போரோனு சொல்லிக்குவாங்க. 2007 சென்சஸ்ல 50 ஆயிரத்த கொஞ்சம் தாண்டினவங்கதான், புலென், டிபாத்தே, வெம்பரா பக்கம் அதிகம். அவங்க பாஷைக்கு சொந்தக்கார பாஷைங்க எல்லாம் நீல நைலுக்கு தெற்க ரொம்ப தள்ளி, காப்பிக்கு பேர்போன காஃபா பக்கம் இருக்கு, நடுவுல ஒரோமோ ஜனங்க பரவி வந்ததுல இவங்க மட்டும் வடக்க தனியா நின்னுட்டாங்க.

மாடு பூட்டி ஏர் ஓட்டுற சம்சாரிங்க. ராகி, சோளம், டெஃப்னு ஒரு பொடி தானியம், எண்ணெய் எடுக்குற பேயெள்ளு, கூடவே தேன். எங்க ஓசூர் பக்கம் மானாவாரியில போடுற ராகியும் பேயெள்ளும் ஆதியில அந்த ஆப்பிரிக்க மேட்டு நிலத்துலேர்ந்துதான் வந்துச்சுனு சொன்னா இங்க பாதிப்பேர் நம்ப மாட்டேங்குறாங்க! நாம களி கிண்டுறத அங்க இஞ்செராங்கற புளிச்ச மாவு தோசையா சுடுறாங்க, நாட்டு பீரும் போடுறாங்க. மழை ஓஞ்சு செப்டம்பர் வாக்குல காரோனு ஒரு பண்டிகை, நன்றி சொல்லுற பண்டிகை.

எனக்கு ரொம்ப முக்கியமா படுறது அவங்க பெரியவங்க உக்காந்து வழக்கு தீக்குற முறைதான். புர்ரா, நெம்மா, தெர்ரா, ஃபல்லானு அடுக்கடுக்கா சபை, ஒரு இடத்துல முடியலன்னா அடுத்ததுக்கு போகும், வரப்புத் தகராறுலேர்ந்து கொலை வரைக்கும் பேசுவாங்க. சினிமா நாட்டாமை மாதிரி ஊரை விட்டு தள்ளி வெக்கிறது நோக்கமில்ல, ரெண்டு குடும்பமும் மறுபடி மொகம் பாத்து பேசணும்ங்கறதுதான் அங்க குறி.

இதெல்லாம் இருந்தும் 2020 டிசம்பர்ல புலென் வட்டத்துல பெக்கோஜி கிராமத்துல விடியக்காலையில துப்பாக்கியோட புகுந்து நூத்துக்கும் மேல ஜனங்கள கொன்னாங்க, செத்ததுல ஷினாஷா, அம்ஹாரா, ஒரோமோ எல்லாரும் உண்டு. அக்கம்பக்கத்து சண்டைய பெரியவங்க தீக்கலாம், நிலத்துக்கும் அதிகாரத்துக்கும் ஆயுதம் தூக்கிட்டு வர்ற கூட்டத்த அவங்க எப்படி நிறுத்துவாங்க? அதையும் பழங்குடி மோதல்னு ரெண்டே வார்த்தையில முடிக்கிறது எனக்கு சரியா படல சார்.

அடுத்த தடவ நைல் தண்ணி பத்தி கட்டுரை போடும்போது மெடெக்கல் ஜனங்கள பத்தி அரைப் பக்கமாவது சேத்து போடுங்க. அந்த ஊருங்க பேரோட ஒரு மேப்பும் இருந்தா நல்லாயிருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஓசூர்