பாசன விவசாயிகள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம், அவர்கள்தான் அதிகம்.

செயற்குழு நான்கு முறை கூடியது. பொங்கல் விழா நடந்தது. மண் பரிசோதனைக்கு மாதிரி எடுத்துக் கொடுத்தோம். வாய்க்காலைத் தூர்வாரச் சொல்லி மனு கொடுத்தோம், ரசீது வந்தது.

இனி சொட்டுநீர் மானியம், அதாவது செடியின் வேருக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் குழாய் போட அரசு தரும் பணம். டீக்கடையில் இது வேறு மாதிரி பேசப்படுவதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சிறு, குறு விவசாயிக்கு 5 ஏக்கர் வரை 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். இதைச் சொன்ன அன்று 27 பேர் பெயர் கொடுத்தார்கள். சிட்டா, அடங்கல், புலப்படம், ஆதார், பாஸ்புக், தாசில்தார் தரும் சிறு விவசாயி சான்று என்று நான் பட்டியல் படித்ததும் 14 பேர் ஆனார்கள். ஒருவர் கொண்டுவந்த பட்டா தாத்தா பெயரில் இருந்தது. தாத்தா போய் முப்பது வருடம். பங்காளிகள் நான்கு பேர், ஒருவருக்கொருவர் பேச்சில்லை. அவருக்காக இரண்டு பங்காளி வீட்டுப் படி ஏறினேன். ஒரு வீட்டில் மோர் கொடுத்தார்கள், கையெழுத்து கொடுக்கவில்லை.

கடைசியில் 9 தோட்டங்களில் குழாய் விழுந்தது. உடனே செயலாளருக்குக் கமிஷன் என்று பேச்சு. மானியப் பணம் விவசாயி கைக்கே வருவதில்லை ஐயா. வேலை முடிந்து, அதிகாரிகள் பார்த்த பிறகு, குழாய் போட்ட கம்பெனிக்குப் போகிறது. நடுவில் நான் எங்கே கை வைப்பது? எனக்குக் கிடைத்தது ஒரு காலண்டர். அதுவும் இதோ, சங்கச் சுவரில்தான் தொங்குகிறது.

அப்புறம், அதிகாரிகள் ஆய்வுக்கு வந்த அன்று ஒரு தோட்டத்தில் பக்கக் குழாயெல்லாம் சுருட்டி மாட்டுக்கொட்டகை விட்டத்தில் கிடந்தது. "களை வெட்டத்தான் சுருட்டினேன்" என்றார் தோட்டக்காரர். சுருளுக்குள் குருவி கூடு கட்டியிருந்தது. இன்னொருவர் பில்டரைத் திறந்ததே இல்லை. நம் போர்வெல் தண்ணீர் உப்பு, பில்டரைக் கழுவாமல் விட்டால் தண்ணீர் சொட்டும் துளை அடைத்துக்கொள்ளும். அதே நிலத்துக்கு மறுபடி மானியம் கேட்க 7 வருடம் காத்திருக்க வேண்டும், நினைவிருக்கட்டும்.

வரவு செலவைப் பொருளாளர் கேட்பவர்களுக்குக் காட்டுவார். வரவுக்குள் செலவு என்று சொல்லலாம், ஜெராக்ஸ் நீங்கலாக. ஜெராக்ஸ் என் கையிலிருந்து. உறுப்பினர் 63 பேர், சந்தா கட்டியவர்கள் 22. வருடத்துக்கு 200 ரூபாய். மானியம் கிடைத்த ஒன்பது பேரில் ஐந்து பேர் பாக்கி. பெயர் சொல்லப் போவதில்லை, அவர்கள் இன்று வரவும் இல்லை.

தலைவருக்கும், வேளாண் துறை அலுவலர்களுக்கும், நாற்காலி தந்த பள்ளிக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு, சொட்டுநீர் போடுகிறவர்களுக்கான துணை நீர் மேலாண்மை மானியத்தைக் கேட்கலாம். மோட்டாருக்குப் பாதி விலை, 15,000 வரை. தண்ணீர்த் தொட்டிக்கும் உண்டு. அதற்கும் இதே காகிதங்கள்தான், இதே அலைச்சல்தான். என் முட்டி முன்போல் இல்லை. வேறு யாராவது பொறுப்பேற்றால் சரி, இன்றே சாவியைத் தருகிறேன். யாரும் கை தூக்காவிட்டால், பாக்கி வைத்தவர்கள் போகும்போது பொருளாளரைப் பார்த்துவிட்டுப் போகவும். அவர் வாசல் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறார்.